நாத்தனாரின் கோழிக்கறி ஏன் வெளுத்தது?

வணக்கம் சார்,

இதையெல்லாம் உங்களிடம் கேட்கலாமா என்று ரொம்ப யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். குடும்பத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது, அவரவர் பேர் சொல்லும் ஒரு சமையலின் செய்முறையை ஆளுக்கொன்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முடிவானது. நான் கொடுத்தது, வெங்காயத்தை நிறையப் போட்டு வதக்கிச் செய்கிற கோழிக்கறி. வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது அதைத்தான். எதையும் மறைக்கவில்லை, அளவெல்லாம் போட்டே எழுதினேன். என் நாத்தனார் அதை 12 பேருக்குச் செய்திருக்கிறார். தண்ணீராக, வெளுத்துப்போய் வந்ததாம். "நீ ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டாய்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். என் ஓரகத்தியோ, தன் செய்முறையைத் தரவே மாட்டேன் என்றார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு சொந்தக்காரர் என்னுடையதை வாங்கிக்கொண்டுபோய்த் தன்னுடையது என்று தோழிகளுக்குக் கொடுத்திருக்கிறார். கடைசியில் கெட்ட பெயர் எனக்குத்தான். செய்முறையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் எதை விட்டேன்? இனி யாருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் புத்திசாலித்தனமா?

ஒரு வாசகி (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

வணக்கம்.

உங்கள் நாத்தனார் சொன்னதில் பாதி சரி. நீங்கள் சொல்லாமல் விட்டது இருக்கத்தான் செய்கிறது, ஒன்று மட்டுமில்லை, நிறையவே. ஆனால் அவர் நினைப்பதுபோல ஒளித்து வைத்ததில்லை. உங்கள் கை செய்கிறது, நீங்கள் கவனிப்பதில்லை. வருஷக்கணக்காக ஒரே சமையலைச் செய்கிற எல்லோருக்கும் இதே கதைதான். பேர் சொல்லும் அளவுக்கு ஒரு சமையல் கைக்கு வந்துவிட்டது என்றாலே, அதில் முக்கால்வாசியை யோசிக்காமல் செய்கிறோம் என்று அர்த்தம். யோசிக்காமல் செய்வதைத் தாளில் எப்படி எழுத முடியும்? நினைவில் நிற்பது சாமான் பட்டியல்தான், அதனால் அதை எழுதிக் கொடுத்துவிடுகிறோம்.

உங்கள் செய்முறையைப் படித்தேன். 4 பேருக்கு அரை கிலோ வெங்காயம், 2 கப் தண்ணீர், "பொன்னிறமாகும் வரை 10 நிமிடம் வதக்கவும்" என்று இருக்கிறது. நாத்தனார் 12 பேருக்கு என்று எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கியிருப்பார், நான் பந்தயம் கட்டுகிறேன். அங்கேயே கதை முடிந்துவிட்டது.

வெங்காயத்தில் ஏறக்குறைய 89 சதவீதம் தண்ணீர். உங்கள் அரை கிலோவில் கிட்டத்தட்ட 450 மில்லி. அவருடைய ஒன்றரை கிலோவில் 1.3 லிட்டருக்கு மேல். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், வாணலியின் அடியில் ஈரம் தேங்கி நிற்கிற வரைக்கும் வெங்காயத்தின் சூடு அதைத் தாண்டாது, நீங்கள் எவ்வளவு எரித்தாலும் சரி. வெங்காயமும் இறைச்சியும் சிவந்து அந்த வாசனையைக் கொடுப்பதற்கோ 140 டிகிரி அளவிலாவது வேண்டும். சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் ஆகிற இந்த வேலையை 1912இல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார், அவர் பெயரில்தான் இன்றும் அதைச் சொல்கிறார்கள். ஆக, முதலில் தண்ணீர் போகவேண்டும். அது ஆவியாகிப் போவது பாத்திரத்தின் வாயகலத்தையும் தீயையும் பொறுத்தது. சாமான் மூன்று மடங்காகும்போது வாணலியின் அகலமோ அடுப்பின் தீயோ மூன்று மடங்காவதில்லை. ஆழமான பாத்திரத்தில் ஒன்றரை கிலோவையும் கொட்டி 10 நிமிடம் கிளறினால் வெங்காயம் வேகும், சிவக்காது. அதன்மேல் கோழியைப் போட்டால் அதுவும் தன் பங்குக்குத் தண்ணீர் விடும். பிறகு உங்கள் கணக்குப்படி 6 கப் தண்ணீர். வெளுத்துப் போகாமல் என்ன செய்யும்?

கூட்டிச் சமைக்கும்போது சாமானைப் பெருக்கலாம், தண்ணீரை அப்படியே பெருக்கக் கூடாது. நேரத்தைப் பெருக்கினாலும் சரியாக வராது. இரண்டு வாணலியில் பிரித்து வதக்கியிருந்தால் தப்பித்திருப்பார்.

சரி, அந்த 10 நிமிடத்துக்கு வருகிறேன். இதில் நீங்கள் மட்டும் குற்றவாளி என்று சொல்லமாட்டேன், அச்சில் வருகிற செய்முறைகளிலும் பாதிக்கு மேல் இந்தப் பொய்யைச் சொல்கின்றன. அரை கிலோ வெங்காயம் மிதமான தீயில் ஆழமாகச் சிவக்க அரை மணி நேரமாவது ஆகும், முக்கால் மணியும் ஆகலாம். நீங்கள் 10 நிமிடத்தில் செய்யவே இல்லை, செய்ததாக நினைக்கிறீர்கள். நடுவில் இஞ்சி பூண்டு அரைத்திருப்பீர்கள், பாத்திரம் கழுவியிருப்பீர்கள், யாரையோ அதட்டியிருப்பீர்கள். அந்த நேரமெல்லாம் உங்கள் கணக்கில் சேரவில்லை.

அடுத்த முறை அடுப்பின் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். வெங்காயத்தைப் போட்டவுடன் பெரிதாகச் 'சோ'வென்று ஒரு சத்தம் வரும், அது தண்ணீரின் சத்தம். விளிம்பெல்லாம் ஈரமாக இருக்கும், ஆவி மேலே வரும், வெங்காயம் கண்ணாடிபோல ஆகிக் குவியல் பாதியாக அமுங்கும். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சத்தம் மெலிந்து, பொட்டுப் பொட்டென்று உலர்ந்த சத்தமாக மாறும். எண்ணெய் ஓரத்தில் தனியாகத் தெரிய ஆரம்பிக்கும், அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். அந்த இடத்தில் உங்கள் கை தானாகப் போய்த் தீயைக் குறைக்கும், கரண்டியால் அடியைச் சுரண்டும், பிடிக்கிற மாதிரி இருந்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து அந்தப் பழுப்பையெல்லாம் வெங்காயத்தோடு சேர்த்துவிடும். உங்கள் கோழிக்கறியின் நிறமும் ருசியும் அங்கேதான் உருவாகின்றன. செய்முறையில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. நாத்தனார் அந்தப் பழுப்பைப் பார்த்திருந்தால்கூட, கருகிவிட்டது என்று பயந்து இறக்கியிருப்பார்.

வரிசையும் முக்கியம். தக்காளியை எப்போது போடுகிறீர்கள் என்று எழுதவில்லை, "பிறகு" என்று மட்டும் இருக்கிறது. வெங்காயம் குழையும் முன் தக்காளியைப் போட்டால் அதன் புளிப்பு வெங்காயத்தை மேற்கொண்டு குழையவிடாது, கடைசிவரை நறுக் நறுக்கென்று நிற்கும். சிவப்பதும் தாமதமாகும், ஈரமும் புளிப்பும் இரண்டுமே அதற்கு எதிரி. ஒரு ஐந்து நிமிடம் முன்னால் போட்டதால் வேறு சமையல் ஆகிவிடுகிற விஷயம் இது.

அளவு போட்டு எழுதினேன் என்கிறீர்கள். எந்த அளவு? உங்கள் வீட்டு டம்ளரா, கடையில் வாங்கிய அளவுக் கப்பா? அமெரிக்காவில் ஒரு கப் ஏறக்குறைய 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. டேபிள்ஸ்பூன் பெரும்பாலான இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. உப்பு இன்னும் மோசம். பொடி உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், சீவல் சீவலாக இருக்கும் சில உப்புகள் அதே டீஸ்பூனில் 3 கிராம்தான் நிற்கும். ஒரே ஸ்பூனில் ஒருவருக்கு அளவாக இருப்பது இன்னொருவருக்கு உப்புக் கரிக்கும். எடை போட்டு கிராமில் எழுதினால் இந்தச் சண்டையெல்லாம் கிடையாது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள்.

இந்த அவஸ்தை புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் செய்முறைகளில் "முட்டை அளவு வெண்ணெய்" என்று சர்வசாதாரணமாக எழுதியிருப்பார்கள். 1845இல் இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் தன் சமையல் புத்தகத்தில் சாமானையும் அளவையும் வேகும் நேரத்தையும் தனியாகத் தொகுத்துக் கொடுத்தார், 1896இல் அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்ற சமையல் ஆசிரியை கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். வீட்டில் சமைக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்துதான், அளவைச் சரியாக எழுதிவிட்டால் சமையலையே கொடுத்தாயிற்று என்ற நினைப்பும் நமக்கு வந்துவிட்டது.

மிளகாயைப் பாருங்கள். "6 காய்ந்த மிளகாய்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே செடியில் காய்த்த மிளகாய்களே ஒரே காரத்தில் இருப்பதில்லை. காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தியலாளர் ஒரு முறையைக் கொண்டுவந்ததும் அதே 1912இல்தான். (அந்த வருஷத்துக்கு சமையற்காரர்கள் ஒரு கும்பிடு போடலாம்.) அந்த முறையிலும் கடைசியில் சில பேரின் நாக்கைத்தான் நம்பினார்கள். அதனால் எண்ணிக்கையைக் கொடுங்கள், கூடவே "கொதி வந்ததும் குழம்பை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், தொண்டையில் லேசாக உறைக்க வேண்டும்" என்றும் எழுதுங்கள். அதுவும் ஒரு அளவுதான்.

குக்கர் விசிலை நம்பவே வேண்டாம். தீ, குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் சாமான் எல்லாவற்றையும் பொறுத்து முதல் விசில் 4 நிமிடத்திலும் வரும், 12 நிமிடத்திலும் வரும். கோழி எப்படி இருந்தால் வெந்தது என்று சொல்லுங்கள், போதும்.

இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுத வராது, நான் முதலிலேயே சொன்ன காரணம்தான். நீங்கள் சமைக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நின்று எழுத வேண்டும். சமைக்கத் தெரியாதவராக இருந்தால் ரொம்ப நல்லது, அவர்தான் "இப்போது ஏன் தீயைக் குறைத்தீர்கள்?" என்று கேட்பார். தெரிந்தவர் தலையாட்டிக்கொண்டு நிற்பார். கைக்குப் போகும் முன் ஒவ்வொரு சாமானையும் அவர் எடை போடட்டும், மீந்ததையும் எடை போடட்டும். கடிகாரம் அவரிடம் இருக்கட்டும். என்னைக் கேட்டால் உங்கள் நாத்தனாரையே கூப்பிடுவேன். சண்டைக்குச் சமாதானமும் ஆகும், அவர் நேரில் பார்த்த மாதிரியும் இருக்கும்.

ருசி பார்ப்பதும் அவரே செய்யட்டும். அடுப்பருகே நின்றுகொண்டே இருந்தால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிடும், சமைத்தவருக்குத் தன் சமையல் சப்பென்று தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அப்போதுதான் நாம் இன்னும் கொஞ்சம் மசாலாவை அள்ளிப் போடுகிறோம், எழுதும்போது அதை மறந்தும் விடுகிறோம்.

ஓரகத்தி விஷயம். தரமாட்டேன் என்றவரிடம் எனக்கு மனஸ்தாபம் எதுவும் இல்லை. அவர் சமையல், அவர் இஷ்டம். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. எனக்கு ஆகாதவர்கள், சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு சாமானை வேண்டுமென்றே விட்டுவிடுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் இருப்பதால்தான் உங்கள்மேலும் சந்தேகம் விழுந்திருக்கிறது. வாங்கிப் போனவர் பாவம், கோழியையும் ஒரு நாள் பொழுதையும் வீணாக்கிவிட்டுத் தனக்குச் சமைக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்வார். அது அநியாயம். கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரகத்தி மாதிரி வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும்.

தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு கொடுத்தவரைப் பற்றி: சட்டத்தில் இதற்கு வழி தேடாதீர்கள். உதாரணத்துக்கு அமெரிக்காவில் வெறும் சாமான் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று அங்குள்ள பதிப்புரிமை அலுவலகமே சொல்கிறது. விளக்கி எழுதிய நடைக்குத்தான் உரிமை கேட்கலாம். கோபம் வருவது நியாயம்தான், நானாக இருந்தால் அவரை ஒருமுறை நேரில் கேட்டுவிடுவேன். நீங்களும் கொடுக்கும்போது, யாரிடம் கற்றீர்கள் என்று தாளின் மேலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். உங்கள் கோழிக்கறியும் வானத்திலிருந்து குதித்திருக்காது இல்லையா? அந்த வரி இருக்கிற தாளைக் கொடுக்கிறவர், பேரை மட்டும் அடித்துவிட்டுக் கொடுக்கக் கொஞ்சமாவது கூச்சப்படுவார்.

ஆகவே கொடுங்கள், நிறுத்த வேண்டாம். இப்போது இருக்கிற தாளை மட்டும் கொடுக்காதீர்கள். "10 நிமிடம்" என்பதை அடித்துவிட்டு, சத்தம் மாறுவதையும் எண்ணெய் பிரிவதையும் எழுதுங்கள். "2 கப் தண்ணீர்" என்ற இடத்தில், ஊற்றியபின் கோழித் துண்டுகள் எவ்வளவு முங்கியிருக்க வேண்டும் என்று எழுதுங்கள், அப்போது 12 பேருக்குச் செய்தாலும் கெடாது. எந்த அகலத்து வாணலி, எத்தனை பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பதும் வேண்டும். கடைசி வரி "சுவையாகப் பரிமாறவும்" என்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு, இறக்கியபின் எவ்வளவு நேரம் மூடி வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.