படிக்கமும் தயிர்ச்சட்டியும்

மதிப்புக்குரிய ஐயா,

ஜான்சிஸ் ரொபின்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதை வாசித்தேன். தொலைக்காட்சியில் வைன் பற்றிப் பேசிப் பேர் எடுத்தவர், வாழ்நாள் முழுக்க அதைப் பற்றியே எழுதுகிறவர் என்று சொல்லி, "நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை" என்று முடித்திருந்தீர்கள். அந்த வரி எனக்குச் செரிக்கவில்லை.

என் அப்பா தவறணையால் வரும்வரைக்கும் அம்மா படலையைப் பார்த்தபடி இருப்பா. அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். என் வகுப்பில் இன்றும் அப்படியான வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் இருந்துகொண்டு ஒரு குடிவகை எழுத்தாளரைப் புகழ உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

உயர்தரத்தில் உயிரியல் எடுத்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் என் மகளும் அதை வாசித்தாள். "ருசி பார்க்கிறதும் ஒரு படிப்பாம் அம்மா" என்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்ல?

ஓர் ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

---

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் இரண்டு நாளாக மேசையில் இருந்தது. எழுத உட்காரும் போதெல்லாம் மாமாவின் முகம்தான் வந்தது. என் அம்மாவின் ஒரே தம்பி. கசிப்பால் போனவர். படுவான்கரையில் அவர் பங்குக்கு இருந்த வயல் அவருக்கு முன்னமே போய்விட்டது. கடைசி மாதங்களில் வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, அம்மா கரைத்துக் கொடுத்த கஞ்சியைக்கூட விழுங்க ஒண்ணாமல் கிடந்தார். செருப்புச் சத்தம் பற்றி நீங்கள் எழுதிய வரியை வாசித்தபோது அந்தத் திண்ணை எனக்குத் திரும்பி வந்தது.

ஆகவே குடியின் கேட்டைப் பற்றி உங்களோடு எனக்கு வழக்கில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. வைனும் அதில் அடக்கம். போத்தல் அழகாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருக்கிற மதுசாரம் வேறொன்றாகிவிடாது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்தது. அந்தச் சட்டம் தளரவேண்டும் என்று நான் ஒருபோதும் எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன்.

என் பிழை வேறு இடத்தில் இருக்கிறது. ஜான்சிஸின் பேரையும் புகழையும் எழுதினேன். அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்பதை எழுதாமல் விட்டேன்.

நம் அம்மம்மாமாரின் திண்ணையில் வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு படிக்கம் இருக்கும், நினைவிருக்கிறதா? வைன் சுவைப்பவரின் மேசையிலும் ஒரு படிக்கம் உண்டு. ஒரு மிடறு வாயில் எடுத்து, நாக்கில் உருட்டி, காற்றை உள்ளிழுத்து, அது மூக்கின் பின்பக்கமாக ஏறும்போது வரும் வாசனையைக் கவனித்து, மறுகா துப்பிவிடுவார்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு அப்படிப் பின்வழியாக மூக்குக்குப் போகிற வாசனைதான். தடிமன் வந்தால் ஆணம் சப்பென்று இருப்பது அதனால்தான். ஒரே நாளில் பல பத்து வைன்களைச் சுவைக்க வேண்டிய ஒருவர் விழுங்கினால் மத்தியானத்துக்குள் நாக்கும் போய்விடும், நிதானமும் போய்விடும். உங்கள் அப்பாவும் என் மாமாவும் செய்ததற்கு நேர் எதிரான பழக்கம் இது.

ஜான்சிஸ் 1950இல் இங்கிலாந்தின் வடக்கே பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் கணிதமும் மெய்யியலும் படித்தார். சில காலம் ஒரு சுற்றுலாக் கம்பனியில் வேலை. 1975இல் மது வியாபாரிகளுக்கான ஒரு சஞ்சிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1983இல் சனல் 4 தொலைக்காட்சியில் வைனுக்கென்றே ஒரு தொடரை நடத்தினார். அடுத்த வருடம் வைன் அறிவைச் சோதிக்கும் 'மாஸ்டர் ஒஃப் வைன்' பரீட்சையில் தேறினார். மது வியாபாரத்துக்கு வெளியே இருந்து அதில் தேறிய முதல் ஆள் அவர்தான்.

நீங்கள் பரீட்சைத் தாள் திருத்துகிறவர் என்பதால் அந்தப் பரீட்சையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இன்றைய முறையில் செய்முறைத் தாள் மூன்று. தாளுக்குப் பன்னிரண்டாக மொத்தம் 36 வைன்கள். பெயர் எதுவும் தெரியாது. கிண்ணம் மட்டும் முன்னால் இருக்கும். என்ன திராட்சை, எந்தப் பிரதேசம், எப்படிச் செய்தார்கள், தரம் எவ்வளவு என்று எழுதவேண்டும். எழுதினால் போதாது, ஏன் என்றும் காட்டவேண்டும். ஊரைப் பிழையாகச் சொன்னாலும் அந்த முடிவுக்கு வந்த வழி செம்மையாக இருந்தால் புள்ளி உண்டு. கணிதத்தில் விடை பிழைத்தாலும் படிமுறைக்கு நாம் புள்ளி போடுவதில்லையா, அதுபோல. இதற்கு மேல் எழுத்துத் தாள்கள், ஓர் ஆய்வுக் கட்டுரை.

பெயரை ஏன் மறைக்க வேண்டும்? பிரான்சின் போர்தோவில் வைனைப் பற்றியே படிக்கும் 54 மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்து 2001இல் வெளியிட்டார்கள். வெள்ளை வைனில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது, சிவப்பு வைனுக்குச் சொல்லும் சொற்களையே அந்த மாணவர்கள் அதற்கும் எழுதினார்கள். கண் கண்டதை மூக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. படித்த மூக்குக்கே இந்தக் கதி.

ஜான்சிஸ் பெரிய இடத்துக்கு அஞ்சாமல் எழுதியது இன்னொன்று. போர்தோவின் பேர்பெற்ற தோட்டம் ஒன்றின் 2003ஆம் ஆண்டு வைனை, அந்தக் காலத்தில் உலகச் சந்தையையே அசைக்கக்கூடிய அமெரிக்க விமர்சகர் ரொபர்ட் பார்க்கர் வெகுவாகப் புகழ்ந்தார். ஜான்சிஸ் இருபதுக்குப் பன்னிரண்டு புள்ளிதான் கொடுத்தார். பெரிய வாக்குவாதம் நடந்தது. தன் நாக்கு சொன்னதை அவர் மாற்றி எழுதவில்லை. நான் மதிப்பது இதைத்தான் சகோதரி. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று, இருவருக்கும் கடன்படாமல், கண்டதைக் கண்டபடி சொல்வது. அது வைனாக இருந்தது அவர் பிறந்த இடத்தால் அமைந்தது. நம் பிள்ளைக்கு அது வைனாக இருக்கத் தேவையில்லை.

மகளின் கேள்விக்கு வருகிறேன். ருசி பார்ப்பது படிப்புத்தான். மதுவே இல்லாமல் அந்தப் படிப்பு நம் நாட்டில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது: தேயிலை. கொழும்பில் 1883இலிருந்து ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன் ஒவ்வொரு தேயிலையையும் அளவாக நிறுத்து, அளவாக வெந்நீர் ஊற்றி, நிமிடக் கணக்கில் ஊறவிட்டு, வரிசையாக உறிஞ்சித் துப்பி விலை மதிக்கிறார்கள். அங்கேயும் படிக்கம் உண்டு. ஆனால் ஒரு வேதனை. கொழுந்து கிள்ளும் கை பெரும்பாலும் தமிழ்க் கை. அந்தத் தேயிலையின் ருசிக்கு வைத்த சொற்கள் ஆங்கிலம்.

நமக்கோ சொல் பஞ்சம் இல்லை. சிவப்பு வைனும் கடும் சாயத் தேத்தண்ணியும் வாயை உலர்த்திப் பிடிப்பதை எத்தனையோ மொழிக்காரர் சுற்றிவளைத்துத்தான் விளங்கப்படுத்துகிறார்கள். உங்கள் வகுப்புப் பிள்ளை நாவல்பழம் தின்றுவிட்டு ஒரே சொல்லில் சொல்லும்: துவர்ப்பு. தனின் என்ற பொருள் உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வருகிற உணர்வு அது. நம்மவர்கள் அதை அறுசுவையில் ஒன்றாகவே எண்ணி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொற்களை வைத்து நாம் எழுதியது எவ்வளவு? மட்டக்களப்புத் தயிர் என்று தீவு முழுக்கப் பேர். படுவான்கரைப் பட்டியில் கறந்த எருமைப்பாலுக்கும் வேறிடத்துப் பாலுக்கும் உள்ள வித்தியாசம், மண்சட்டி நீரை உறிஞ்சித் தயிரை இறுக்குவது, பால் காய்ச்சிய விறகின் புகை அதில் தங்குவது எல்லாம் விற்கிற மனிசிக்குத் தெரியும். வாவி இறாலையும் கடல் இறாலையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்லும் ஆட்கள் நம் சந்தையில் இருக்கிறார்கள். அவர்கள் அறிந்தது அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. ஒக்ஸ்போர்ட் பதிப்பகத்துக்காக 1994இல் ஜான்சிஸ் வைன் பற்றித் தொகுத்த பெருநூலைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வருகிற ஏக்கம் இதுதான்: நம் தயிருக்கு ஒரு பத்துப் பக்கம்கூட இல்லையே.

மகளிடம் இப்படிச் சொல்லுங்கள். மூன்று இடத்தில் மூன்று சட்டித் தயிர் வாங்கட்டும். நீங்கள் அவளுக்குத் தெரியாமல் ஒரே மாதிரிக் கிண்ணங்களில் போட்டு, அடியில் இலக்கம் ஒட்டுங்கள். சீனி, பாணி ஒன்றும் வேண்டாம். ஒவ்வொன்றையும் முதலில் மணந்து, மறுகா வாயில் வைத்து, புளிப்பு எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, புகை இருக்கிறதா, நாக்கில் நெய்ப்பிடிப்பு எப்படி என்று எழுதட்டும். "நல்லாயிருக்கு" என்ற சொல்லை மட்டும் பாவிக்கக்கூடாது. அடுத்த நாள் நீங்கள் வரிசையை மாற்றிக் கொடுங்கள்; முதல்நாள் எழுதியதைப் பார்க்காமல் திரும்ப எழுதட்டும். இரண்டு தாளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று நீங்களே திருத்திப் பாருங்கள்.

பிறகு இரண்டு தாளையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பெறுபேறு வந்ததும் உணவு விஞ்ஞானம் படிக்க எந்தெந்த வழி திறக்கிறது என்று மூவருமாக இருந்து பார்ப்போம். கல்லடிப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். பிளேன்டீ ஊற்றி வைக்கிறேன்.

அன்புடன்.