செங்கோட்டை ஆச்சி தன் பெயரில் வாங்கிய வீடு

தொண்ணூறு வயதைக் கடந்தும் யாரையும் சார்ந்திராமல் வாழ்ந்த பாட்டி உங்கள் குடும்பத்தில் இருந்தாரா, அவரால் அது எப்படி முடிந்தது என்பது கேள்வி.

இருந்தார். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி, கொல்லம் ஆண்டு 1101 ஆனி மாதத்தில், அதாவது 1926இல், அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பிறந்து, 2022இல் அதே ஊரில் காலமானார். உறவினர்கள் இன்றும் அவருடைய பிடிவாதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் அந்தத் தெருவில் பிடிவாதம் மிக்க பெண்கள் வேறு பலரும் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் கடைசிக் காலத்தை மகன்களின் வீடுகளில் முறைவைத்துத்தான் கழித்தார்கள். ஆச்சிக்கு அந்த நிலை வராததற்குக் காரணம், அவருக்குச் சொந்த வருமானமும் தன் பெயரில் எழுதப்பட்ட ஒரு வீடும் இருந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1936 நவம்பரில், திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. அதுவரை மதிலுக்கு வெளியே நின்று கும்பிட்ட குடும்பம் எங்களுடையது. சில மைல் தொலைவில் இருந்த தென்காசி சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்ததால் அங்கே அந்த உரிமை அப்போது இல்லை. அங்கிருந்த சொந்தக்காரர்கள் செங்கோட்டைக்கு வந்து கோயிலுக்குள் போய்விட்டுத் திரும்பியதை ஆச்சி பலமுறை சொல்லியிருக்கிறார். 1942இல் பர்மா அரிசி வரத்து நின்று, திருவிதாங்கூர் முழுவதும் மரச்சீனிக் கிழங்கால் வயிற்றை நிரப்பிய காலத்தில் அவருக்குத் திருமணமானது. 1953இல் தாத்தா காய்ச்சலில் இறந்தார். அப்போது ஆச்சிக்கு இருபத்தேழு வயது, மூன்று பிள்ளைகள்.

அண்ணன் வீட்டுக்கு வந்துவிடும்படி எல்லாரும் சொன்னார்கள். அவர் போகவில்லை. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூர் வழியாகக் கொல்லம் செல்லும் மீட்டர்கேஜ் ரயில் 1904 முதல் ஓடிக்கொண்டிருந்தது. ஆச்சி அந்த ரயிலை நம்பிப் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டார். சாயங்காலம் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் சின்ன உள்ளி, கத்தரிக்காய், சீனி அவரைக்காய், முருங்கைக்காய் என்று வாங்கிச் சேர்த்து, காலை வண்டியில் பனையோலைக் கடகங்களோடு ஏறி, பகவதிபுரத்தையும் ஆரியங்காவுக் குகையையும் கடந்து புனலூர்ச் சந்தையில் விற்பார். திரும்பும்போது வெறுங்கடகத்தோடு வருவது அவருக்குப் பிடிக்காது. நேந்திரங்காயோ மிளகோ மரச்சீனியோ ஏற்றிக்கொண்டு வந்து, அதை மறுநாள் இங்கே விற்கும்படி வாடிக்கையாக வாங்குபவர்களைப் பிடித்து வைத்திருந்தார். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் தடியங்காயும் பூசணியும் இரண்டு ஆள் சுமக்கும் அளவுக்குப் போகும். நான்கு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்ற திருவிதாங்கூர்க் கணக்கில் பழகிய மனம் அவருடையது. நயா பைசா வந்த பிறகும் லாபத்தை முதலில் சக்கரத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ரூபாயில் சொல்வார்.

1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை ஊரும் அந்தத் தாலுகாவின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் நின்றுவிட்டது. அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை வேறு மாநிலத்துக்காரி ஆனாள். அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தடை இருந்த ஆண்டுகளில், சேலைக்குள்ளும் காய்க்கு அடியிலும் அரிசி மறைத்துக் கொண்டுபோன பெண்கள் காய் வியாபாரத்தைவிட அதிகம் சம்பாதித்தார்கள். ஆச்சியையும் கூப்பிட்டார்கள். "எம் பெட்டிய எவன் தொறக்கச் சொன்னாலும் நான் நிமிந்து நின்னு தொறக்கணும்" என்று மறுத்துவிட்டார். மற்றப் பெண்களை அவர் ஒருநாளும் குறைசொன்னதில்லை. பசி அப்படி, என்பார்.

வீடு வாங்கியது 1967இல். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆச்சி விலைபேசிய வீட்டின் கிணற்றடிப் பாதை இரண்டு வீட்டுக்கும் பொது என்று பக்கத்து வீட்டார் கிளம்பினார்கள். தரகரும் அதற்கு ஒத்து ஊதினார். மூலப் பத்திரமோ திருவிதாங்கூர்க் காலத்தில் மலையாளத்தில் எழுதப்பட்டது. அங்கே கூடியிருந்த ஆண்களில் யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. புனலூரில் கடைப்பலகைகளையும் பற்றுச்சீட்டுகளையும் எழுத்துக்கூட்டிப் பழகியிருந்த ஆச்சி, அந்த ஆதாரத்தை வாங்கி நான்கு எல்லைகளையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார். பாதை வீட்டின் எல்லைக்குள் இருந்தது. பேச்சு அத்தோடு முடிந்தது.

பத்திரம் எழுதும் நேரத்தில் அவருடைய அண்ணன், "மூத்தவன் பேருல எழுது தாயி, ஆம்பிளப் பிள்ள இருக்கும்போது உனக்கு எதுக்கு?" என்று கேட்டார். மூத்தவன் என்பது என் அப்பா. "பய நல்லவந்தான் அண்ணாச்சி, அந்த நல்ல குணத்த நான் எதுக்குச் சோதிச்சுப் பாக்கணும்?" என்பதுதான் ஆச்சியின் பதில். அந்த நாளில் ஒரு கைம்பெண் நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்லி, அதன்படியே கையெழுத்தும் போட்டதை நினைக்கும்போது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

எழுபது வயதில் வியாபாரத்தை நிறுத்தியதும் தெருவைப் பார்த்த முன் அறையைக் கடைக்கு வாடகைக்கு விட்டார். அப்பா திருநெல்வேலிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். வருவார், பத்து நாள் இருப்பார், பேரப்பிள்ளைகளுக்குத் தன் காசில் வாங்கிக் கொடுப்பார், கிளம்பிவிடுவார். "நீங்க அங்க வந்தா விருந்தாளி, நான் இங்க வந்தா விருந்தாளி" என்று அவர் சொன்னது அம்மாவுக்கு முதலில் வலித்தது. இருவரும் கடைசிவரை மரியாதையோடு பழகியதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம் என்று பின்னாளில் அம்மாவே சொன்னார். எனக்கு முதல் சம்பளம் வந்தபோது ஆச்சி எவ்வளவு என்று கேட்கவில்லை, "ஏட்டி, அது யாரு கணக்குல விழுது?" என்றுதான் கேட்டார்.

அவருடைய குணத்தில் எங்களை வருத்தியதும் உண்டு. எண்பத்தெட்டு வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கியதை யாருக்கும் சொல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டே நாட்களைக் கழித்தார். சொன்னால் அழைத்துப் போய்விடுவோம் என்ற பயம். வயதானவர் வலியை மறைக்கிறார் என்றால், அதில் அவரைச் சுற்றியிருக்கும் எங்களுக்கும் பங்கு உண்டு என்று எனக்குப்பட்டது. அதன்பின் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார்: என்ன நடந்தாலும், அவர் கேட்காமல் யாரும் அவரை வீட்டை விட்டுக் கிளப்ப மாட்டோம். அந்த வாக்குக்குப் பிறகு தலைவலி என்றாலும் போன் செய்து சொல்ல ஆரம்பித்தார். கடைசி இரண்டு ஆண்டுகள் உதவிக்கு ஒரு பெண் வந்தாள்; அவளுக்குச் சம்பளம் வாடகைப் பணத்திலிருந்து ஆச்சி கையால்தான் போனது.

உயிலைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். வீடு முழுவதும், கணவரை இழந்து பிள்ளைகளும் இல்லாமல் இருந்த என் அத்தைக்கு. சித்தப்பாவுக்கு வருத்தம் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை. அப்பா மட்டும், வீட்டுவரி ரசீது அத்தை பெயருக்கு மாறும்வரை நகராட்சி அலுவலகத்துக்குத் தானே நடந்தார். அத்தைக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். முன் அறையில் ஒரு தையற்கடை நடக்கிறது, வாடகை அவர் கைக்கு வருகிறது.