முதுகுப் பையும் பின்னல் ஊசியும்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: ஒரு வருடப் பயணம் கிளம்புகிறேன். குரோஷே பின்னலை விட மனமில்லை. 70 லிட்டர் பை போதுமா, 80 வாங்கவா? (நூல் பைத்தியம்)

ப: இரண்டும் வேண்டாம். பெரிய பையில் இடம் இருந்தால் எதையாவது திணித்துவிடுவீர்கள். கூடாரம் சுமக்கப் போவதில்லை, துவைத்துத் துவைத்து உடுத்துவீர்கள் என்றால் 40 முதல் 50 லிட்டர் தாராளம். காலுறை பின்னும் மெல்லிய நூலில் 100 கிராம் கட்டு ஏறத்தாழ 400 மீட்டர் வரும், ஒரு ஜோடிக்குக் காணும். அது தீர்ந்ததும் இருக்கிற ஊரில் அடுத்த கட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரே நிறத்தில் பெரிய சால்வை பின்னுவதானால் மட்டும் ஒரே சாய எண் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதைக் காட்டும் எண்) உள்ள கட்டுகளை மொத்தமாக வாங்குங்கள். எண் மாறினால் பகல் வெளிச்சத்தில் கோடு தெரியும்.

லிட்டரைவிட முக்கியம் உங்கள் முதுகின் நீளம். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். வெறும் பையை மாட்டிக் கண்ணாடி முன் நிற்காதீர்கள். எடை போட்டு நடந்து பாருங்கள். சுமையின் பெரும்பகுதி தோளில் அல்ல, இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும்.

கே: 120 பொருள்கள் அடங்கிய 'பயணக் கைவினைப் பெட்டி' தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா?

ப: குண்டூசிகளையும் எண்ணியிருக்கிறார்கள். வேண்டாம்.

கே: 'வாட்டர்ப்ரூஃப்' என்று அச்சிட்ட பை வாங்கினேன். ஒரே மழையில் உள்ளே இருந்த எம்பிராய்டரித் துணிகள் சாயம் கலந்து பாழாகிவிட்டன. "துணி வாட்டர்ப்ரூஃப்தான், தையல் வழியாக இறங்கியிருக்கும்" என்கிறார் விற்றவர். (நனைந்த வாசகி)

ப: இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். துணியையா விற்றார்? பையை அல்லவா விற்றார்! 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று அட்டையில் ஓர் எண் போடுகிறார்களே, அது துணித்துண்டை மட்டும் சோதித்த கணக்கு. 1,500 என்றால் ஒன்றரை மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் வரை துணி கசியவில்லை என்று பொருள். அந்தத் துணியை வெட்டி, ஊசியால் ஆயிரக்கணக்கில் துளையிட்டு, ஜிப் வைத்துத் தைத்த பிறகு பையை யார் சோதித்தார்கள்? ஊசி துணியை என்ன செய்யும் என்று எம்பிராய்டரி போடும் உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உள்ளே தையல்களின் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டாத பையை வாட்டர்ப்ரூஃப் என்று விற்பது ஏமாற்று. பையின் மேல் போடும் மழை உறையும் முழுக் காவல் இல்லை, முதுகுப் பக்கம் திறந்தே இருக்கும். தடிமனான பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள் துணியையும் நூலையும் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

இன்னொன்று: 'பழைய ஸ்டாக், பாதி விலை' பக்கம் போகாதீர்கள். உட்புறப் பாலியூரித்தேன் பூச்சு ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் சிதைந்துவிடும். நான் அப்படி வாங்கிய பை இரண்டாம் மாதமே பிசுபிசுத்து, செதில் செதிலாக என் நூலில் ஒட்டியது.

அட்டையில் அச்சிட்ட சொல்லைப் படம் எடுத்து, எழுத்தில் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். நியாயம் உங்கள் பக்கம்.

கே: கைப்பையில் கத்தரிக்கோலை விமானத்தில் விடுவார்களா?

ப: மூட்டிலிருந்து அலகு 6 செ.மீ.க்குள் இருந்தால் பல நாடுகளில் விடுவார்கள். கடைசி முடிவு சோதனை செய்பவருடையது. பிடித்தமான கத்தரிக்கோலைப் பெரிய பையில் போட்டு அனுப்பிவிடுங்கள், நூலறுக்க நகவெட்டி போதும்.

கே: இரவில் வேலை செய்ய விளக்குக்காக 30,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். விமான நிலையத்தில் பறித்துக்கொண்டார்கள். விற்றவர்மேல் வழக்குப் போடலாமா?

ப: எம்ஏஎச்சை 3.7 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் வாட்-மணி, விமான நிறுவனங்கள் பார்க்கும் மின்கல அளவு அதுதான். உங்களுடையது 111. நூறைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். வாங்கும்போது ஒரு பெருக்கல் போட முடியவில்லை, இப்போது வழக்கா? 'விமானத்தில் அனுமதி உண்டு' என்று அவர் எழுதியே விற்றிருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள். அடுத்து 20,000 வாங்குங்கள், அது 74 தான்.

கே: 'பயணம் செய்துகொண்டே கைவினை விற்றுச் சம்பாதிக்கலாம், வருமானம் உறுதி' என்ற ஆன்லைன் வகுப்புக்குப் பயணச் சேமிப்பில் பாதியைக் கட்டிவிட்டேன். வந்தவை சில வீடியோக்கள். இப்போது போனை எடுப்பதில்லை. என் மடத்தனம்தானே? (பெயர் வேண்டாம்)

ப: இல்லை. உங்கள் ஆசையைப் பார்த்து வலை விரித்தவர் செய்தது மோசடி. வெட்கப்படவேண்டியவர் அவர். கிரெடிட் அல்லது டெபிட் கார்டில் கட்டியிருந்தால் இன்றே வங்கிக்கு எழுதி 'சார்ஜ்பேக்' (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். பெரும்பாலும் 120 நாள் போல்தான் அவகாசம், தள்ளிப்போடாதீர்கள். விளம்பரம், ரசீது, உரையாடல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்து அனுப்புங்கள். வங்கிப் பரிமாற்றம் என்றால் மீட்பது கடினம், ஆனாலும் வங்கியிலும் காவல் துறையிலும் புகார் பதியுங்கள். அப்புறம், "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது அழைப்பார்கள். போனை வைத்துவிடுங்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கை மாறும்.

வகுப்பில் சொல்லாமல் விட்டிருப்பார்கள்: சுற்றுலா விசாவில் போய்ப் பொருள் விற்பது பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம்.

கே: போகும் இடங்களில் பவளம், சங்கு, இறகு வாங்கி நகை செய்யத் திட்டம். 'எல்லாரும் கொண்டுபோகிறார்கள்' என்கிறார் விற்பவர். எல்லையில் சிக்கல் வருமா?

ப: வரும். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975 முதல் நடப்பில் இருக்கிறது. கடினப் பவளங்கள் அந்தப் பட்டியலில் உண்டு, சில சங்குகளும் உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் விதை, இறகு, மரத்துண்டு எல்லாவற்றையும் இறங்கியதும் அறிவிக்கவேண்டும், மறைத்தால் அபராதம். கண்ணாடி மணி, உலோகக் கம்பி வாங்குங்கள். 'எல்லாரும் கொண்டுபோகிறார்கள்' என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சைட்டிஸ் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லியிருக்கலாமே?