முன்னாள் கணவர் இறந்துவிட்டால் ஜீவனாம்சமும் நின்றுவிடுமா?

அக்காவுக்கு விவாகரத்தாகி, கோர்ட் உத்தரவுப்படி மாதாமாதம் ஜீவனாம்சம் வந்துகொண்டிருந்தது, இப்போது அந்த முன்னாள் கணவர் இறந்துவிட்டார், "ஆளே இல்ல, இனி என்ன பணம்" என்கிறார்கள் அவர் வீட்டார், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகப் பல வருஷமாக இருக்கிறேன், இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் நிறைய. அவர் வீட்டார் சொல்வது எல்லா உத்தரவுக்கும் பொருந்தாது.

முதலில் ஆர்டர் காப்பியை எடுத்து மேலே என்ன நம்பர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். எம்.சி. (மெயின்டனன்ஸ் கேஸ், அதாவது பராமரிப்பு வழக்கு) என்று இருந்தால் அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் வாங்கியது (2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 144). அது அந்த ஆள் மீதான தனிப்பட்ட பொறுப்பு. கட்டாவிட்டால் வாரண்ட், சிறை என்று போகிற வழி அது, செத்தவரைப் பிடித்து உள்ளே போட முடியாதே. அதனால் இறந்த பிறகான மாதங்களுக்கு இதை வைத்துக் கேட்க முடியாது. அதற்கு முன் சேர்ந்த பாக்கி வேறு விஷயம், அதை அவர் விட்டுப்போன சொத்திலிருந்து கேட்டு மனு போடலாம். ஆனால் 125-ல் பாக்கியை வசூலிக்க, ஒவ்வொரு மாதப் பணத்துக்கும் அது கட்ட வேண்டிய தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும். காரியம் முடியட்டும், திதி முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகும்.

எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்டப்படி போடும் மனு) நம்பர் போட்டு, விவாகரத்துத் தீர்ப்போடு இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவில் கொடுத்த நிரந்தர ஜீவனாம்சம் என்றால் கதை மாறுகிறது. அந்தப் பிரிவு, பணம் வாங்குகிறவரின் ஆயுளுக்கு மேல் போகக்கூடாது என்றுதான் சொல்கிறது, கொடுப்பவர் இறந்தால் நின்றுவிடும் என்று அதில் எழுதியில்லை. ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும் சிறப்புத் திருமணச் சட்டம் 37-வது பிரிவு பற்றி 1983-ல் அருணா பாசு மல்லிக் வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவர் இறந்த பிறகும் அவர் சொத்தின் மீது ஜீவனாம்ச உத்தரவை நிறைவேற்றலாம் என்று தீர்ப்பு சொன்னது. உங்கள் வக்கீல் பிடித்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது. எதிர்த்தரப்பு சண்டை போடும், போடட்டும். வாரிசுகள் தங்கள் கையிலிருந்து எதுவும் தர வேண்டியதில்லை, இறந்தவர் சொத்தில் அவர்கள் கைக்கு வந்த அளவுக்குத்தான் பொறுப்பு.

ஆர்டரின் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். வீட்டின் மீதோ நிலத்தின் மீதோ சார்ஜ் வைத்து, அதாவது பணத்துக்கு அந்தச் சொத்தையே ஈடாகக் கட்டி, உத்தரவு போட்டிருக்கிறார்களா? 25-வது பிரிவே அதற்கு இடம் தருகிறது, ஆனால் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. எங்களிடம் வந்த ஒரு அம்மா கேட்டு வாங்கி, சார்பதிவாளர் ஆபீஸில் பதிவும் செய்து வைத்திருந்தார். முன்னாள் கணவர் இறந்ததும் அவர் தம்பி வீட்டை விற்கப் பார்த்தார், வாங்க வந்தவரின் பேங்க் வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் அந்தப் பதிவு வந்து நின்றது, லோன் அப்படியே நின்றுவிட்டது. அதுவரை போனை எடுக்காத தம்பி, அண்ணி அண்ணி என்று தேடி வந்து கணக்கு தீர்த்தார்!

இன்னொன்று, அக்காவுக்குப் பிள்ளைகள் உண்டா? விவாகரத்தான மனைவி வாரிசு இல்லை, குடும்ப ஓய்வூதியமும் அவருக்கு வராது. பிள்ளைகள் அப்படியில்லை. உயில் எழுதாமல் இறந்திருந்தால் அவருடைய அம்மா, இரண்டாவது மனைவி, அந்தப் பிள்ளைகள் எல்லோரோடும் அக்கா பிள்ளைக்கும் சமபங்கு. நாலு பேர் இருந்தால் காலே அரைக்கால் கணக்கெல்லாம் இல்லை, ஆளுக்குக் கால் பங்கு. உயில் எழுதி ஒன்றுமே விடாமல் போயிருந்தாலும், மைனர் பிள்ளையும் கல்யாணமாகாத மகளும் 1956 பராமரிப்புச் சட்டத்தின்படி சொத்திலிருந்து பராமரிப்பு கேட்கலாம். நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது முதல் மனைவியின் பிள்ளை பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அதை வைத்துப் பட்டா மாறுகிறது, பேங்க் பணம் போகிறது. எனக்குப் பணப் பாக்கியைவிட இதுதான் பெரிய கவலை.

சிலர் விவாகரத்தே வாங்காமல் பிரிந்து மட்டும் இருப்பார்கள். அப்படியென்றால் அவர் சட்டப்படி விதவை, முழு வாரிசு, ஜீவனாம்சம் பற்றிய பேச்சே தேவையில்லை. எக்ஸ்பார்ட்டியாக (ஒரு தரப்பு கோர்ட்டுக்கு வராமலே), அக்காவுக்குத் தெரியாமலே விவாகரத்து வாங்கியிருந்தால்கூட, கணவர் இறந்த பிறகும் அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்று யல்லவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: ஆர்டர் காப்பி தொலைந்திருந்தால் கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போடுங்கள். அவர் பெயரில் இருக்கும் சொத்துகளுக்கு ஆன்லைனில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். பிள்ளை இருந்தால், பெயர் விடாமல் சான்றிதழ் கொடுக்கச் சொல்லித் தாசில்தாருக்குப் பதிவுத்தபாலில் ஒரு மனு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் நம்பர் எம்.சி.யா எச்.எம்.ஓ.பி.யா என்று கமெண்டில் போடுங்கள், அதற்கேற்ப மேலே சொல்கிறேன்.