எம்பிஏ விண்ணப்பமும் தன்னார்வப் பணியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்னையில் ஐடி வேலை. செப்டம்பரில், முதல் ரவுண்டிலேயே அமெரிக்க பி-ஸ்கூல்களுக்கு (எம்பிஏ கல்லூரிகளுக்கு) விண்ணப்பிக்கப் போகிறேன். எந்த என்ஜிஓவில் சேர்ந்தால் மதிப்பு?

அமைப்பின் பெயருக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள், என்ன பொறுப்பு என்றுதான் படிவத்தில் பெரும்பாலும் கேட்பார்கள். ஜூன் மாதம் அவசரமாக மூன்று இடங்களில் சேர்ந்திருந்தால் தேதிகளே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றே ஒன்றை எடுங்கள், அதில் ஒரு வேலை உங்கள் தலையில் விழட்டும்.

பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தரும் ஸ்க்ரைப் பணியைப் பாருங்கள். பல தேர்வுகளில் மாணவரே அழைத்து வரும் ஸ்க்ரைப்பின் படிப்பு, எழுதுபவருடையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஆகவே பட்டதாரியான நீங்கள் உட்கார முடியாமல் போகலாம். ஆனால் முதலாம் ஆண்டு கல்லூரி மாணவர்களைத் திரட்டி, யார் எந்தத் தேர்வுக்கு என்று பட்டியல் போட்டு, காலை ஏழு மணிக்கு ஒருவர் காய்ச்சல் என்று போன் செய்தால் மாற்று ஆளை அனுப்புவது யார்? அந்த ஆளாக இருங்கள். நாலே மாதமானாலும் சொல்வதற்கு விஷயம் இருக்கும், அதைவிட முக்கியம், ஒரு மாணவருக்கு அரியர் விழாது.

கோவையில் சிஏவாக இருக்கிறேன். தொழிலையே தொண்டாகச் செய்தால் கணக்கில் வருமா?

தாராளமாக வரும், என் கணக்கில் இதுதான் முதலிடம். 80ஜி பதிவுள்ள, அதாவது நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்கும் ட்ரஸ்ட், வாங்கிய நன்கொடை விவரத்தை நிதியாண்டு முடிந்து மே 31க்குள் வருமானவரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும், தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். சின்ன ட்ரஸ்ட்டுகளில் ரசீதுப் புத்தகம் பீரோவில் இருக்கும், நன்கொடையாளரின் பான் எண் யாரோ ஒருவரின் வாட்ஸ்அப்பில் இருக்கும். அதைச் சீராக்கி, அங்கே வேலை பார்க்கும் பெண்ணுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு வாருங்கள். நீங்கள் போன பிறகும் அது ஓடுகிறதா என்பதைத்தான் விண்ணப்பக் கட்டுரையில் எழுத வேண்டும்.

கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதுகிறேன். ஐஐஎம்முக்கு இது உதவுமா?

நேர்முகத்துக்கு ஆள் எடுக்கும் ஷார்ட்லிஸ்ட்டுக்குப் பெரிதாக இல்லை. அங்கே கேட் மதிப்பெண், பள்ளி கல்லூரி மதிப்பெண்கள், பணி அனுபவம் போன்றவைதான் பேசும். நேர்முகத்தில் பேச்சு வரலாம். இப்போதைக்குப் படிப்பைப் பாருங்கள்.

கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நாளில் மரக்கன்று நட்டேன். போடலாமா?

அப்புறம் யார் தண்ணீர் ஊற்றினார்கள்? பதில் நீங்கள் என்றால் போடுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். இளைஞர்கள் சேர்ந்து குளம் தூர்வாரினோம், கணக்கு வழக்கு என் பொறுப்பு. பதிவான அமைப்பு இல்லையே, இதைச் சொல்லலாமா?

இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது? தாசில்தார் அலுவலகத்துக்கு நடந்தது, ஜேசிபி வாடகைக்கு வீடு வீடாக வசூலித்தது, எடுத்த மண் யாருக்கு என்று இரண்டு தெருவுக்குள் வந்த சண்டையைப் பேசித் தீர்த்தது, எல்லாமே நிர்வாகம்தான். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் 2024இல் கட்டுரைக் கேள்விகளை மாற்றியபோது, பிறருக்காக நீங்கள் எப்படி உங்களைச் செலவிடுகிறீர்கள் என்று ஒரு கேள்வியிலேயே கேட்டது. அதற்கு உங்களிடம் இருப்பது நேரடியான பதில். நம் ஊர்ப் பிள்ளைகள் இதை "ஊர் வேலை" என்று ஒதுக்கிவிட்டு, ஆங்கிலப் பெயருள்ள அமைப்பைத் தேடி ஓடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குளத்தின் பழைய படம், புதிய படம், வரவு செலவு நோட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

பணம் கட்டினால் 200 மணி நேரத்துக்குச் சான்றிதழ் தருகிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். பல பி-ஸ்கூல்கள் சேர்க்கைக்குப் பிறகு வெளி நிறுவனம் வைத்து விவரங்களைச் சரிபார்க்கின்றன, பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடமும் போகும். உண்மையாகச் செய்த வேலைக்குச் சான்றிதழே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்களை அங்கே பார்த்த பொறுப்பாளர் ஒருவரின் பெயரும் போன் எண்ணும் இருந்தால் போதும். அவரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.