மத நிந்தனைச் சட்டம்: ஞாயிறு மாலைக் கேள்வி பதில்

ஈரோட்டில் 28 வருடமாகக் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன் நான். போன மாதம் வாடகைத் தகராறு பற்றிப் பேசினோம். இந்த முறை மத நிந்தனைச் சட்டம், இஸ்லாம், சகிப்புத்தன்மை என்று நீங்களே தலைப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். சரி. சட்டம் கேளுங்கள், வழக்கு கேளுங்கள். நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். சர்ச்சையான படத்தை அனுப்பி "இது குற்றமா, பாருங்கள்" என்றும் கேட்க வேண்டாம். படத்தில் என்ன இருக்கிறது என்று வாயால் சொன்னால் எனக்குப் புரியும்.

கோபி, ஜவுளிக்கடைக்காரர்: பாகிஸ்தானில் இருக்கிற மாதிரி மத நிந்தனைச் சட்டம் நம் நாட்டில் இல்லைதானுங்களே?

அந்தப் பெயரில் இல்லை. ஆனால் வேர் ஒன்றுதான். 1920களில் லாகூரில் ராஜ்பால் என்ற பதிப்பாளர், நபிகளின் இல்லற வாழ்க்கையைக் கேலி செய்யும் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில், மதங்களுக்கிடையே பகை மூட்டும் குற்றத்தைச் சொல்லும் 153ஏ பிரிவில் அவர்மேல் வழக்கு. ஒரு மதத்தலைவரைக் கேலி செய்வது அந்தப் பிரிவுக்குள் வராது என்று 1927இல் லாகூர் உயர்நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஊரே கொதித்தது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அதே வருடம், மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவைக் கொண்டுவந்தார்கள். சட்டம் வந்தும் ராஜ்பால் தப்பவில்லை. 1929இல் இல்முதீன் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். இல்முதீனும் அதே வருடம் தூக்கில் ஏறினார். அவருக்காக மேல்முறையீட்டில் வாதாடியவர் ஜின்னா.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த மசோதா மன்றத்தில் இருந்தபோது, நேர்மையான விமர்சனத்துக்கும் வரலாற்று ஆராய்ச்சிக்கும் பாதுகாப்பு வேண்டும் என்று பேசியவரும் அதே ஜின்னாதான். அதனால்தான் "வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு" என்ற இரண்டு நிபந்தனை அந்தப் பிரிவில் இருக்கிறது. 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரிவைச் செல்லும் என்று சொன்னபோதும், இந்த நிபந்தனையைக் காட்டித்தான் சொன்னது.

2024 ஜூலை 1 முதல் இது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 299ஆவது பிரிவு. மூன்று வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எல்லா மதத்துக்கும் பொது.

பவானி, கல்லூரி மாணவர்: வகுப்பு குரூப்பில் ஒருவன் நபிகளைப் பற்றி அசிங்கமாக ஒரு படம் போட்டான். "பாருங்கடா இவன் லட்சணத்தை" என்று நான் அதை ஊர் குரூப்பில் போட்டேன். நான் செய்தது தப்பா அண்ணா?

தப்புதான் தம்பி. உன் எண்ணம் கெட்ட எண்ணம் இல்லை, ஆகவே கடைசியில் தண்டனை வராமல் போகலாம். ஆனால் அந்தப் படம் உன் வகுப்பைத் தாண்டி ஊருக்குள் வந்தது உன் கையால். இந்தக் குற்றத்தில் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். ஜாமீனுக்குக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அரசாங்கத்தின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க முடியாது என்று ஒரு தடுப்பு இருக்கிறது, ஆனால் எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு அந்தத் தடுப்பு கிடையாது. வழக்கு நிற்காது என்பது வேறு, அதற்குள் நீ எத்தனை வாசலில் நிற்க வேண்டும் என்பது வேறு.

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிற பையன். கண்ணாடி உடைந்து, பின்மூடி கழன்று, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய போன். நகமெல்லாம் மஞ்சள். வந்த ஒரு ஃபார்வர்டைத் தள்ளிவிட்டிருக்கிறான். அவனுக்கு எழுதப் படிக்கவே சரியாக வராது. புகார் கொடுத்தவர் யார் என்று விசாரித்தால், மூன்று மாதமாக அவனிடம் வட்டிப் பணம் கேட்டு நடந்தவர். அந்த மனுசன் தொழுதோ சாமி கும்பிட்டோ யாரும் பார்த்ததில்லை. பையன் 11 நாள் உள்ளே இருந்தான். எந்த மதம் என்று கேட்காதீர்கள். இந்த மாதிரி வழக்கு வந்தால், யார் மனம் புண்பட்டது என்பதற்கு முன்னால் யார் புகார் கொடுத்தார் என்று பார்ப்பது அன்றிலிருந்து என் பழக்கம்.

பெருந்துறை, கம்பெனி சூப்பர்வைசர்: பாகிஸ்தான் சட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது?

வெள்ளைக்காரன் விட்டுப்போன அதே 295ஏ அங்கேயும் இருந்தது. ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் காலத்தில் அதன்மேல் மாடி கட்டினார்கள். 1982இல் 295பி: குர்ஆனை அவமதித்தால் ஆயுள். 1986இல் 295சி: நபிகளை அவமதித்தால் தூக்கு அல்லது ஆயுள். 1990இல் அங்குள்ள ஷரியத் நீதிமன்றம் தூக்கு மட்டும்தான் என்று தீர்ப்பளித்தது. "வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு" என்ற அந்த இரண்டு வார்த்தை 295சியில் இல்லை. வித்தியாசம் முழுவதும் அங்கேதான்.

ஆசியா பீபியின் கதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும். 2009இல் பஞ்சாபில் ஒரு தோட்டத்தில் பழம் பறிக்கும் கூலிப்பெண். கிறிஸ்தவர். குடிக்கத் தண்ணீர் மொண்டு, அங்கிருந்த குவளையில் தானும் குடித்தார். கூட வேலை செய்த பெண்கள், குவளை தீட்டாகிவிட்டது என்றார்கள். அதிலிருந்து வாய்ச்சண்டை. அதிலிருந்து நிந்தனைப் புகார். 2010இல் தூக்குத் தண்டனை. 2018 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் நம்பும்படி இல்லை என்று விடுதலை செய்தது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் குவளையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

அவருக்காகப் பேசிய ஆளுநர் சல்மான் தசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். இரண்டு மாதத்தில் அமைச்சர் ஷாபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். அந்தப் பிரிவில் அரசு இதுவரை யாரையும் தூக்கிலிட்டதில்லை. தெருவில் கொன்றதற்குத்தான் குறைவில்லை.

காங்கேயம், வாசகர்: நிந்தித்தவனைக் கொல்லு என்று குர்ஆனில் இருக்கிறதா இல்லையா?

நான் ஆலிம் இல்லை, அதாவது மார்க்கம் படித்த அறிஞன் இல்லை. உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடம் நேரில் போய்க் கேளுங்கள், டீ வாங்கிக் கொடுப்பார். வக்கீலாக நான் படித்தவரை: கேலி செய்கிறவர்கள் பேச்சை மாற்றும்வரை அவர்களோடு உட்காராதீர்கள் என்று 4:140 சொல்கிறது. பிறர் வணங்குவதை ஏசாதீர்கள் என்கிறது 6:108. கொலைத் தண்டனை என்பது பிற்காலச் சட்ட அறிஞர்கள் வகுத்தது. அவர்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. நம் பக்கத்து ராவுத்தர்கள் பெரும்பாலும் பின்பற்றுகிற ஹனஃபி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில், முஸ்லிம் அல்லாத குடிமகன் நிந்தித்தால் கொலை கட்டாயம் இல்லை என்பதே பழைய நிலைப்பாடு. பாகிஸ்தானிலும் பெரும்பான்மை ஹனஃபிகள்தான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சத்தியமங்கலம்: பட்டா மாறுதல் எத்தனை நாள் ஆகும்?

தாலுகா ஆபீஸ். இன்று வேண்டாமுங்க.

கருங்கல்பாளையம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: நம் ஊர்ப் பெரியார் பிள்ளையாரை உடைத்தார். உச்ச நீதிமன்றமே அவரைக் குற்றமற்றவர் என்றது. அப்படியிருக்க 295ஏ எதற்கு?

ஐயா, இதைச் சொல்லாத மேடை இல்லை. ஆனால் நடந்தது அப்படி இல்லை. 1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் மண் பிள்ளையாரை உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர் தனிப் புகார் கொடுத்தார். மாஜிஸ்திரேட், செஷன்ஸ், சென்னை உயர்நீதிமன்றம் மூன்றும் புகாரைத் தள்ளின. கோயிலில் பிரதிஷ்டை ஆகாத பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்பது அவர்கள் பார்வை. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பார்வை தப்பு என்றது. ஒரு சாரார் புனிதமாக நினைத்தால் போதும், பூசை செய்திருக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் மறுபடி விசாரணை வேண்டாம் என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஆள் தப்பினார், வாதம் தோற்றது.

திருப்பூர், பனியன் கம்பெனி முதலாளி: பார்த்தீர்களா, உச்ச நீதிமன்றமே அவரைக் கண்டித்தது. தண்டித்திருக்க வேண்டும்.

அதையும் நான் சொல்லவில்லை. விசாரணையே நடக்கவில்லை, தண்டனை எங்கிருந்து வரும்?

மறுபடி கருங்கல்பாளையம்: உடைத்தது சொந்தக் காசில் வாங்கிய மண் பொம்மை. சதுர்த்தி முடிந்து ஆற்றில் போட்டுக் கரைப்பதும் அதே பொம்மைதானே?

நல்ல கேள்வி ஐயா, கோர்ட்டில் கேட்டிருக்க வேண்டும். புனிதப் பொருளைச் சேதப்படுத்துவதைச் சொல்லும் 295ஆவது பிரிவில் பொருள் உடைவது மட்டும் குற்றமில்லை, எந்த எண்ணத்தோடு என்பதுதான். கரைப்பவர் வழியனுப்புகிறார். பெரியார் புண்படுத்தவே உடைத்தார், அதை அவர் மறைத்ததும் இல்லை. மூடநம்பிக்கையை உடைக்கிற எண்ணம் கெட்ட எண்ணமா என்பதுதான் உங்களுக்கும் திருப்பூர்க்காரருக்கும் உள்ள வழக்கு. அதைக் கோர்ட் தீர்க்கவில்லை. நானும் தீர்க்கப் போவதில்லை.

மறுபடி திருப்பூர்: பெரியார் மீலாது மேடையில் மட்டும் இஸ்லாத்தைப் புகழ்ந்து பேசினாரே, அது ஏன்?

புகழ்ந்தார், உண்மை. தீண்டாமை இல்லை என்பதற்காகப் புகழ்ந்தார். நீங்கள் இருவரும் நேரில் சந்தித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் 14 கேள்வி வந்து கிடக்கிறது.

அந்தியூர், பல்லடம், பொள்ளாச்சி, இன்னும் ஆறு பேர்: இந்து சாமியை மட்டும்தான் கேலி செய்ய முடியும், அவர்களைத் தொட்டால் விடுவார்களா?

ஒன்பது பேருக்கும் ஒரே பதில். 2017 மார்ச்சில் கோவையில் பாரூக் என்ற திராவிடர் விடுதலைக் கழகத் தோழரை வெட்டிக் கொன்றார்கள். இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து கடவுள் இல்லை என்று எழுதியவர். ஆக, நீங்கள் சொல்கிற பயம் பொய் இல்லை. அதைப் பூசி மெழுகுகிற ஆள் நான் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்னால் திருச்செங்கோட்டில் என்ன நடந்தது? எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்துக் கடையடைப்பு. எந்தக் கோர்ட்டும் தடை போடவில்லை. அமைதிப் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை எழுதச் சொன்னது. ஒன்று கொலை, மற்றது மிரட்டல். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. "மட்டும்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பேசலாம்.

நாமக்கல், முட்டைக் கோழிப் பண்ணையாளர்: தோனி மேலேயே இந்த வழக்கு போட்டார்களாமே?

போட்டார்கள். ஒரு பத்திரிகை அட்டையில் அவரை விஷ்ணு மாதிரி வரைந்து, கையில் ஷூ முதற்கொண்டு விளம்பரப் பொருளாகக் கொடுத்திருந்தார்கள். 2017இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கெட்ட எண்ணம் இல்லாமல், கவனக்குறைவாக நடந்தது இந்தப் பிரிவில் வராது என்றது. தோனிக்கு டெல்லி வரை போக வக்கீல் இருந்தார். மண்டிப் பையனுக்கு நான்தான் இருந்தேன்.

தாராபுரம், ஆசிரியை: வெளிநாட்டில் இதையெல்லாம் எடுத்துவிட்டார்களா?

இங்கிலாந்தில் 2008இல் எடுத்தார்கள். அதற்குமுன் அங்கே கிறிஸ்தவத்துக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. இஸ்லாத்துக்கு இல்லை என்று 1990இல் கோர்ட்டே சொன்னது. டென்மார்க் 2017இல் எடுத்தது, குர்ஆன் எரிப்புகளுக்குப் பிறகு 2023 டிசம்பரில் வேதநூல்களை அவமதிப்பதற்கு எதிராகப் புதிதாக ஒன்று போட்டது. போட்டதை எடுப்பதும் எடுத்ததைப் போடுவதுமாகத்தான் இருக்கிறது அம்மணி.

கொடுமுடி: பெரியாரை ஏன் தண்டிக்கவில்லை?

மேலே படியுங்கள்.

பவானி, அதே மாணவர்: அண்ணா, அந்தப் படத்தை எல்லா குரூப்பிலும் அழித்துவிட்டேன். போதுமா? உங்களுக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பட்டுமா?

தம்பி!