விட முடியாத கேம்

கே: ராத்திரி 2 மணி வரை மொபைல் கேம்தான், விடவே முடியலை சார். இந்த வெறியை ஏதாவது கற்றுக்கொள்ளத் திருப்ப முடியுமா? – வாசகர், கொருக்குப்பேட்டை

ப: முடியும் தம்பி. அடுத்த ஆட்டத்தில் என்ன கிடைக்குமோ என்ற எதிர்பார்ப்பில்தான் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் சுரந்து உங்களை உட்கார வைக்கிறது, அதனால் மாற்றாக எடுப்பதிலும் பலன் உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாடப் புத்தகத்தில் மாதக்கணக்கில் ஆகும். கேரமில் காய் விழுந்ததா இல்லையா என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். உங்கள் வடசென்னைப் பெண் காசிமா 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்றதும் இந்தப் பலகையில்தானே! கேமைத் திறக்கும் அதே சாயங்கால நேரத்தில் ஆடப் போங்கள், போன் அம்மாவிடம் இருக்கட்டும். அப்புறம், கேமில் பணமும் போகிறது என்றால் தள்ளிப்போடாமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் பேசுங்கள், இலவசம்தான்.